தண்ணீர் ஊற்றியவன் பெயர் என்ன?

(இங்கிலாந்துவாழ் தமிழர் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, நகரசபையின் சார்பில் வந்து, முன்வரிசையில் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்திருக்கும் உறுப்பினர் அம்மையார் அவர்களே, தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர் அவர்களே, ஒவ்வோர் ஆண்டும் இந்த மண்டபத்தின் சாவியை நம்பி நம் கையில் கொடுக்கும் பாதிரியார் அவர்களே, காலை ஆறு மணியிலிருந்து சமையற்கட்டில் நிற்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பொன்னாடை போர்த்திய செயலாளர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நம் சங்கத்தின் பழைய குறிப்பேடுகளையெல்லாம் வீட்டில் அலமாரி வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர் அவர். அதன் அருமை இந்தப் பேச்சு முடிவதற்குள் உங்களுக்கே தெரியும். எனக்கு முன் பேசிய மருத்துவர் அம்மா, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் தினமும் நடக்க வேண்டும் என்றார். எங்கே நடப்பது என்பதை நான் சொல்கிறேன்.

வெளியே வந்து பாருங்கள், ஐப்பசி பிறந்துவிட்டது. நம் முன்னோர் இந்த ஐப்பசி கார்த்திகையைக் கூதிர்காலம் என்றார்கள். குளிரும் வாடையும் அதன் அடையாளம். இந்த நாட்டுக்காரருக்கு இது இலையுதிர்காலம். இந்தக் காலத்தில்தான் இங்குள்ள பழைய பிரபுக்களின் எஸ்டேட்டுகளுக்கும் அரண்மனைத் தோட்டங்களுக்கும் போக வேண்டும். மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இலை ஏன் நிறம் மாறுகிறது என்பது ஒன்று. எந்தத் தோட்டத்துக்கு எப்போது போவது என்பது இரண்டு. அந்தத் தோட்டங்களின் பணம் எங்கிருந்து வந்தது என்பது மூன்று.

முதல் விஷயத்தைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பகல் குறுகியதும் மரம் இலையில் உள்ள பச்சையத்தை உடைத்து, அதிலிருக்கும் நைட்ரஜன் சத்தைத் தன் உடம்புக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், கோடை முழுக்க அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. பீச் மரத்தின் பொன்னிறம் அப்படி வருவது. மேப்பிளின் சிவப்பு வேறு. அது இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து மரம் புதிதாகச் செய்யும் சாயம். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து வந்த ஆண்டில் சிவப்பு கூடும். அதனால்தான் ஒரே மரம் போன வருடம் ஒரு மாதிரியும் இந்த வருடம் வேறு மாதிரியும் நிற்கிறது.

நமக்கு ஒரு பழமொழி உண்டு. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான். ஆண்டவன் கைவிடமாட்டான் என்ற பொருளில் நம் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். இங்குள்ள தோட்டங்களைப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்தப் பழமொழி என்னை விடவே இல்லை.

வில்ட்ஷயரில் ஸ்டூர்ஹெட் என்று ஓர் எஸ்டேட். லண்டனில் வங்கி நடத்திய ஹோர் குடும்பத்தின் சொத்து. 1740களில் தோட்ட வேலையைத் தொடங்கிய ஹென்றி ஹோர், பள்ளத்தாக்கில் ஓடிய சிற்றாற்றுக்குக் குறுக்கே அணை போட்டு ஏரி உண்டாக்கினார். கரையைச் சுற்றி ரோமாபுரிக் கோயில்களைப் போல மண்டபங்கள், கல்பாலம், குகை. ஒரு திருப்பத்தில் மறையும் மண்டபம் அடுத்த திருப்பத்தில் தண்ணீருக்கு மேல் தெரியும். நடப்பவரின் கண்ணுக்காகவே போட்ட பாதை அது. அக்டோபர் கடைசியில் துலிப் மரங்கள் மஞ்சளாகி, அந்த மஞ்சள் ஏரிக்குள்ளும் கிடக்கும். குடும்பத்தின் ஒரே வாரிசு முதல் உலகப் போரில் காயம்பட்டு 1917-இல் இறந்தார். 1946-இல் பெற்றோர் அதை, பழைய வீடுகளையும் தோட்டங்களையும் காக்கும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். இன்று நாம் சீட்டு எடுத்து உள்ளே போகிறோம்.

கிழக்கு சசெக்ஸில் ஷெஃபீல்ட் பார்க். கிரிக்கெட் பார்க்கும் பிள்ளைகள் காதைக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் மாநிலங்களுக்கு இடையே நடக்கும் ஷெஃபீல்ட் ஷீல்டு போட்டிக்குப் பெயர் தந்தவர் இந்தத் தோட்டத்தின் சொந்தக்காரரான பிரபுதான். 1891-92-இல் இங்கிலாந்து அணியை அங்கே அழைத்துப் போனபோது அவர் கொடுத்த 150 பவுண்டு பணத்தில் செய்த கேடயம் அது. ஆஸ்திரேலிய அணி இந்தத் தோட்டத்து மைதானத்திலேயே ஆடியிருக்கிறது. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங்கிய ஆர்தர் சோம்ஸ் என்பவர், இலையுதிர்கால நிறத்துக்கென்றே மரம் தேடித்தேடி வைத்தார். அமெரிக்காவின் டுபெலோ மரம் அங்கே வரிசையாக நிற்கிறது; நெருப்புச் சிவப்பு. மரம் வைத்தவர் சோம்ஸ், சரி. தண்ணீர் ஊற்றியவர்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நான் இல்லை, என் அம்மா. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நான் இலங்கையின் மலையகத்தான். ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். எங்களுக்குத் தோட்டம் என்றால் பூந்தோட்டம் அல்ல, எஸ்டேட். என் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். அம்மாவின் அப்பா, எஸ்டேட்டை நிர்வகித்த துரையின் பங்களாவில் தோட்டக்காரர். ரோஜாவும் டேலியாவும் வளர்த்த கை, லயத்து வாசலில் ஒரு செடி வைக்க இடம் இல்லாத வாழ்க்கை. சில வருடங்களுக்கு முன் அம்மா இங்கே வந்திருந்தபோது, அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இப்படி ஓர் எஸ்டேட்டுக்குக் கூட்டிப் போனேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் அன்பானவர்கள், நான் சொல்லும் குறை அவர்கள் ஒருவருடைய குறை அல்ல.

காரை விட்டு இறங்கியதுமே, "ஏன்ப்பா, தோட்டத்துக்குப் போறோம்னுதானே சொன்ன, துரை பங்களாவுக்குல்ல கூட்டியாந்திருக்க?" என்றார். படிக்கட்டில் ஏற மறுத்துவிட்டார். பங்களாவின் முன்வாசல் வழியாக அவர் வாழ்நாளில் போனதில்லை. அது ஒரு துரையின் வீடு இல்லை அம்மா, இப்போது பொதுச்சொத்து, சீட்டு வாங்கியிருக்கிறோம் என்று எவ்வளவோ சொன்னேன். "நீ போய்ட்டு வா, நான் தோட்டத்தப் பாக்குறேன்" என்றார். அதனால் வீட்டுக்குள் போகவே இல்லை. அன்று முழுக்கத் தோட்டம்தான்.

வெட்டிவிட்ட வேலிச்செடியைப் பார்த்து, "நல்லாக் கவ்வாத்து பண்ணிருக்கான்" என்றார். ஓடைக் கரையில் குனிந்து, "கான் சுத்தமா இருக்கு" என்றார். கான் என்றால் எங்கள் தோட்டத்தில் வடிகால். பாதையெல்லாம் இலை. அதை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார். "இம்புட்டு எலையும் யாருப்பா கூட்டுறது?" அந்த நேரம் ஓர் இளைஞர் ரேக்கை வைத்து இலையை வாரிக்கொண்டிருந்தார். அம்மா நேரே அவரிடம் போய் நின்றுவிட்டார். நான் மொழிபெயர்த்தேன். வாருகிற இலையை என்ன செய்வீர்கள் என்று அம்மா கேட்டார். அந்தப் பையன் வேலையை நிறுத்திவிட்டு, எங்களைச் சுவருக்குப் பின்னால் கூட்டிப் போய் மூன்று குவியல்களைக் காட்டினார். இந்த வருட இலை, போன வருட இலை, அதற்கு முந்திய வருட இலை. மூன்றாவது குவியல் கறுப்பு மண்ணாகவே இருந்தது. அம்மா ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். "எங்க அய்யாவும் பங்களாவுக்குப் பின்னால இப்படித்தான் குழி வெட்டி மக்க வைப்பாரு" என்றார். நான் அதைச் சொன்னதும் அந்தப் பையன் கையுறையைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குக் கை கொடுத்தார். இரண்டு கைகளிலும் அதே மண்.

பிறகு ஏரிக்கரைக்கு வந்தோம். நரைத்த தலையோடு ஒரு தொண்டர் அம்மையார், மார்பில் அட்டை குத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். இது இயற்கையான ஏரி இல்லை, வெட்டியது என்றார். யார் வெட்டியது என்று அம்மா கேட்டார். அவர் பிரபுவின் பெயரைச் சொன்னார். அம்மா தலையை ஆட்டி, "அவரு வெட்டச் சொன்னவரு. வெட்டுனவன் யாரு?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மையார் யோசித்தார், கையேட்டைப் புரட்டினார். வடிவமைத்தவர் பெயர் இருந்தது. மண்டபம் கட்டிய சிற்பி பெயர் இருந்தது. தெரியவில்லை என்று உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அப்போது அம்மா என்னைப் பார்த்துச் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை: "செக்ரோல் இருக்கும்லப்பா? சம்பளம் குடுத்திருப்பான்ல? அதுல பேரு இருக்கும். பாக்கச் சொல்லு."

மலையகத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன், செக்ரோல் என்பது தோட்டத்தில் யார் யார் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு கூலி என்று பெயர் வைத்து எழுதும் பேரேடு. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் விழுந்தால்தான் அன்று கூலி. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவுக்கு, இந்த உலகத்தில் எந்த வேலையும் பெயர் இல்லாமல் நடக்காது என்று தெரிந்திருந்தது.

அம்மா சொன்னது சரி. நான் தேடிப் பார்த்தேன். இந்த எஸ்டேட்டுகளின் கணக்குப் புத்தகங்கள் பலவும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. 1841 முதல் குடிசனக் கணக்கெடுப்பில் பெயருக்கு எதிரே தொழிலும் எழுதியிருக்கிறார்கள். தோட்டக்காரர், உதவியாள், காவல்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். பெயர்கள் காகிதத்தில் இருக்கின்றன. தோட்டத்துப் பலகைக்கு வரவில்லை.

வந்த இடங்களும் உண்டு. கார்ன்வாலில் ஹெலிகன் தோட்டம். முதல் போர் தொடங்கிய ஆகஸ்ட் 1914-இல் அங்கு வேலை செய்தவர்கள் தங்கள் கழிப்பறைச் சுவரில் பென்சிலால் பெயர்களை எழுதிவிட்டுப் போனார்கள். பலர் திரும்பவில்லை. தோட்டம் காடாகி, 1990களின் தொடக்கத்தில் புதர்களை வெட்டியவர்கள் அந்தப் பெயர்களைக் கண்டார்கள். தோட்டத்தை மீட்டதே அந்த மனிதர்களின் நினைவாகத்தான் என்று ஆகிவிட்டது. வேல்ஸில் ரெக்ஸம் அருகே எர்டிக் என்ற வீட்டின் யார்க் குடும்பம், தோட்டக்காரர் உட்படத் தன் வேலையாட்களை ஓவியமாக வரைய வைத்து, அவர்களைப் பற்றிப் பாட்டும் எழுதி மாட்டியது. சொந்தக்காரர் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அந்தச் சுவர் சாட்சி. அதே ரெக்ஸம் ஊரின் தேவாலயத்தில்தான் சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேல் அடக்கமாகியிருக்கிறார்.

மூன்றாவது விஷயத்துக்கு இப்படியே வந்துவிட்டோம். நம் ஊருக்கும் இந்தியாவுக்கும் நடுவே கிடக்கும் கடலைப் பாக்கு நீரிணை என்கிறோம். வெற்றிலை பாக்கோடு அதற்கு உறவில்லை. 1760களில் சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் அது. அவர் ஊர் திரும்பி டெவனில் எஸ்டேட் வாங்கினார். தன் நண்பரான தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸுக்காகக் குன்றின் மேல் 1788-இல் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கிறது. 1751-இல் ஆற்காட்டைப் பிடித்த கிளைவ் பின்னாளில் சர்ரேயில் கிளேர்மாண்ட் என்ற எஸ்டேட்டை வாங்கினார். அவர் மகன் சென்னையின் கவர்னர். அந்தக் குடும்பத்தின் வழியாகத் திப்பு சுல்தானின் கூடாரமே வேல்ஸின் பவிஸ் கோட்டைக்கு வந்து சேர்ந்தது. தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்பு உண்டு என்று நேஷனல் ட்ரஸ்ட்டே 2020-இல் அறிக்கை வெளியிட்டது. இதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இன்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் நெசவாளியின், நம் விவசாயியின் வியர்வையும் இந்த மரங்களின் வேரில் இருக்கிறது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்கிறோமே, இங்கே தண்ணீர் எத்தனை கடல் தாண்டி வந்திருக்கிறது! அந்தத் தோட்டங்களில் கூச்சமில்லாமல் நடக்கும் உரிமை என் அம்மாவுக்கு உண்டு. படிக்கட்டில் ஏறும் உரிமையும் உண்டு.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். நகரசபை உறுப்பினர் அம்மையாரும் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத்தில் நம் பெரியவர்களை ஒரு பேருந்தில் இத்தகைய தோட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போவோம். போகும் இடத்தில் ஒரு கடிதம் கொடுப்போம். அதில் கோபம் இருக்காது. உங்கள் ஆவணங்களில் உள்ள தோட்டக்காரர்களின் பெயர்களை, மரத்தை வாங்கியவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள் என்று கேட்போம். ஆவணங்களைப் படித்து எடுக்க ஆள் வேண்டுமென்றால், நம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள் என்றும் எழுதுவோம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளர் ஐயா திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது விஷயத்துக்கு நேரம் இல்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். க்ளஸ்டர்ஷயரின் வெஸ்டன்பர்ட்டில் ஹோல்ஃபோர்ட் குடும்பம் 1829 முதல் வைத்த மரங்களில் ஜப்பான் மேப்பிள் முந்தும், அதை அக்டோபர் நடுவில் பார்க்க வேண்டும். பீச் மரங்களுக்கு நவம்பர் தொடக்கம் வரை பொறுக்கலாம்.

முதல் பயணம் ஷெஃபீல்ட் பார்க்குக்கு, இந்த மாதக் கடைசி ஞாயிறு. அன்று அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள், மறந்துவிடாதீர்கள். மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும் என்பதால் பேருந்து காலை எட்டரைக்கு இந்த வாசலிலிருந்து கிளம்பும். ஈரத்தில் இலை வழுக்கும். பெரியவர்கள் நல்ல அடிப்பாகம் உள்ள சப்பாத்து போட்டு வாருங்கள். கைத்தடிக்குக் கூச்சம் வேண்டாம். கட்டுச்சோறு நம் தாய்மார்கள் பொறுப்பு.

பெயர் எழுதும் குறிப்பேடு வாசல் மேசையில் இருக்கிறது. அதன் முதல் வரியில் என் தாத்தாவின் பெயர். போன வாரம் தொலைபேசியில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. அதற்குக் கீழே வருகிறவர்கள் உங்கள் பெயரை எழுதுங்கள். உங்கள் வீட்டில் மண்ணைத் தொட்டு வேலை செய்தவர் யாராவது இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். பேனா இரண்டு வைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.