மங்கல் ப்ளக்இன்: ப்ரிவ்யூவும் ரெண்டரும் ஒண்ணாயிடுச்சு!

வணக்கம் மக்களே! நேரா விஷயத்துக்கு வந்துடுறேன், சந்தோஷம் தாங்கல. நம்ம வீடியோ எடிட்டர் கேடென்லைவுக்கு சி மொழில எழுதிட்டு இருக்கிற மங்கல் (ப்ளர்) எஃபெக்ட் இருக்குல்ல, அந்த ஃப்ரையோர் (வீடியோ எஃபெக்ட் ப்ளக்இன்களுக்கான பொது முறை) ப்ளக்இன், அதுல ப்ரிவ்யூல தெரியுற மங்கலும் ரெண்டர்ல வர்ற மங்கலும் இப்ப அச்சு அசலா ஒண்ணு!

இதுக்கு எதுக்கு இவ்வளவு குதிக்கணும்னா, இங்க பாருங்க. ப்ரிவ்யூவை 360-ல வச்சு எடிட் பண்றோம். மங்கல் ஆரம், அதாவது மங்கல் எவ்வளவு தூரம் பரவணும்ங்கிறது, 54 பிக்சல்னு கோட்லயே எழுதி வச்சா, 360 உயரத்துல அது 15 சதவீதம். ரெண்டர் 1080-ல ஓடும்போது அதே 54 பிக்சல் வெறும் 5 சதவீதம்தான். ப்ரிவ்யூல முகமே அடையாளம் தெரியல, ரெண்டர்ல லேசா புகை படிஞ்ச மாதிரி. கேடென்லைவ் மேல தப்பே இல்ல. எஃபெக்ட் தொடங்கும்போது ஓடுற கன்ஸ்ட்ரக்ட் ஃபங்ஷனுக்கு அகலமும் உயரமும் கொடுக்கிறாங்கல்ல, அது அந்த நேரத்துல ஓடுற படத்தோட அளவு. அதைக் கணக்குல எடுக்க வேண்டியது ப்ளக்இன்தான்.

அதனால இப்ப ஆரம் = ஸ்லைடர் மதிப்பு × உயரம் × 0.05. முழுசா இழுத்தா 1080-ல 54, 360-ல 18. ரெண்டுலயும் அதே 5 சதவீதம். ஒரே ஒரு வரிங்க! ஃப்ரையோர்ல எண் பாராமீட்டர் எல்லாமே 0-லேருந்து 1 வரைக்கும்தான் வரணும், அதனால பின்னமா யோசிக்கிறதுதான் அதோட இயல்பே. பிக்சல் கணக்குல ஸ்லைடர் வைக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்காது.

கம்பைல் எப்பவும் போல டெர்மினல்லதான்: ஜிசிசி கம்பைலர், அதோட ஆப்ஷன்கள் ஷேர்டு, எஃப்-பிக், ஓ2, கடைசில கணித லைப்ரரிக்கு எல்-எம். வர்ற டாட்-எஸ்ஓ ஃபைலை ஹோம்ல டாட்-ஃப்ரையோர்-1, அதுக்குள்ள லிப் ஃபோல்டர்ல போடுங்க. ஃப்ரையோர் பாத்-னு என்விரான்மெண்ட் வேரியபிள் செட் பண்ணியிருந்தா எம்எல்டி (கேடென்லைவுக்கு அடில ஓடுற வீடியோ என்ஜின்) அதை மட்டும்தான் பார்க்கும், இந்த ஃபோல்டர் பக்கமே வராது. "போட்டேன், காணோம்"னா முதல்ல அதைப் பாருங்க.

அப்புறம் டெர்மினல்ல மெல்ட் (எம்எல்டியோட கமாண்ட்) குவெரி ஃபில்டர்ஸ் கொடுத்தா பட்டியல்ல பேர் வரணும். அந்தப் பேர் எங்கேருந்து வருதுன்னா, ஃபைல் பேர்லேருந்து. கோடுக்குள்ள ப்ளக்இன் இன்ஃபோல நீங்க எழுதுற அழகான பேர் இல்ல! மங்கல் டாட் எஸ்ஓ-ன்னா சர்வீஸ் பேர் ஃப்ரையோர்-புள்ளி-மங்கல். எஃபெக்டைக் கேடென்லைவுக்கு அறிமுகப்படுத்துற எக்ஸ்எம்எல் ஃபைல்ல டேக்-ங்கிற இடத்துல எழுத்துக்கு எழுத்து இதேதான் இருக்கணும். மாறினா எஃபெக்ட் வராது.

எக்ஸ்எம்எல் ஃபைலை ஹோம்ல டாட்-லோக்கல், ஷேர், கேடென்லைவ், எஃபெக்ட்ஸ்-ல வச்சுட்டு கேடென்லைவை மூடித் திறங்க. பாராமீட்டர் வகை அனிமேட்டட்னு கொடுங்க, கீஃப்ரேம் கிடைக்கும், அதாவது நேரத்துக்கு நேரம் மதிப்பை மாத்தலாம். மின் 0, மேக்ஸ் 100, ஃபேக்டர் 100. பார்க்கிறவருக்கு 0-லேருந்து 100, ப்ளக்இன்னுக்குப் போறது 0-லேருந்து 1.

ஆங், கலர் மாடலை (பிக்சல்ல நிறங்கள் எந்த வரிசைல இருக்குன்னு சொல்றது) விட்டுட்டேன், கோடுக்கே திரும்பிப் போவோம். மங்கலுக்கு நாலு சேனலும் ஒண்ணுதான், நிற வரிசையைப் பார்க்காத பேக்டு32 போதும். சிவப்பு, நீலத்தைத் தனித்தனியா தொடுற ப்ளக்இன்னா ஆர்ஜிபிஏ8888-ஆ பிஜிஆர்ஏ8888-ஆன்னு சரியா குறிக்கணும். மாத்திக் குறிச்சா நீலத்துக்குன்னு எழுதின கணக்கு சிவப்பு மேல ஓடும். அப்புறம் மங்கல் கணக்குக்கான தற்காலிக பஃபர் (மெமரி இடம்): கன்ஸ்ட்ரக்ட்ல ஒரு தடவை ஒதுக்கி, டிஸ்ட்ரக்ட்ல விடுங்க. 1920-க்கு 1080 ஃப்ரேம் ஒண்ணே 82,94,400 பைட், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அவ்வளவு இடத்தை மேலாக்ல புதுசா ஒதுக்கினா டைம்லைன் திக்கித் திணறும். குளோபல் வேரியபிள்ல வச்சா இன்னும் மோசம், ரெண்டு கிளிப்ல எஃபெக்ட் போட்டதும் ஒண்ணோட மதிப்பு இன்னொண்ணுல ஏறிடும்.

சரி, டாக்குமெண்டேஷன். விளக்கமே இல்லாம "அமௌண்ட்"னு மட்டும் போட்டு வெளியிடுற ப்ளக்இன்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வருது. எதோட அமௌண்ட்டுங்க? பாராமீட்டர் இன்ஃபோல விளக்கம்னு ஒரு இடமே கொடுத்திருக்காங்க, மெல்ட் குவெரில ஃபில்டர் பேரைக் கொடுத்தா அது அப்படியே வெளிய வரும். நான் எழுதினது: "மங்கல் ஆரம், பட உயரத்தின் பங்காக, 1 என்றால் 5 சதவீதம்." முடிஞ்சுது. ரீட்மீ ஃபைல்ல இதோட ஆரம்ப மதிப்பையும் எழுதுங்க. எக்ஸ்எம்எல்ல இருக்கிறதும் கன்ஸ்ட்ரக்ட்ல வைக்கிறதும் அதோட ஒத்துப்போகணும்.

பாராமீட்டர் வரிசையையும் ரீட்மீல எண் போட்டு எழுதிடுங்க: 0 ஆரம், 1 பட ஓரத்தை நீட்டவா வேண்டாமாங்கிறது. பழைய ப்ராஜெக்ட் ஃபைல்கள் அந்த எண்ணை நம்பி இருக்கலாம். புதுசா ஒண்ணு சேர்த்தா கடைசில மட்டும் சேருங்க, நடுவுல செருகினா ஆரத்துக்கு வச்ச மதிப்பு வேற எதுக்கோ போயிடும்.

ஃப்ளாட்பேக்ல (தனிப் பெட்டிக்குள்ள ஓடுற பேக்கேஜ்) கேடென்லைவ் போட்டவங்களுக்கு ஒண்ணு: அதுக்குள்ள தெரியுற யூஎஸ்ஆர் ஃபோல்டர் வேற, உங்க சிஸ்டத்தோடது வேற. யூஎஸ்ஆர் லிப்ல காப்பி பண்ணிட்டுத் தேடாதீங்க. எக்ஸ்எம்எல்லும் ஹோம்ல டாட்-வார், ஆப், கேடென்லைவ் பேர்ல இருக்கிற ஃபோல்டர், டேட்டா, அதுக்குள்ள கேடென்லைவ், எஃபெக்ட்ஸ்னு போகணும். இந்த வழியையும் ரீட்மீல சேர்த்தாச்சு.