பழைய டீசல் பிக்கப்பில் ஒழுகல்: சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

[காட்சி: வண்டிக்கு அடியில் விரித்த அட்டை, நடுவில் ஈரம்]

நேற்று ராத்திரி வண்டியை நிறுத்தும்போதே இந்த அட்டையை அடியில் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். என்ஜின் ஆயில் என்றால் கறுத்திருக்கும், கூலன்ட் என்றால் சாயம் தெரியும். இது ரெண்டும் இல்லை. விரலில் தேய்த்தால் வழவழவென்று இருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவினாலும் வாடை போகவில்லை. டீசல்தான்.

இந்த இடத்தில் நிறைய பேர் குனிந்து பார்த்துவிட்டு, சொட்டு எங்கே தொங்குகிறதோ அங்கே இருக்கிற நட்டை ஒரு இறுக்கு இறுக்கிவிடுவார்கள். தயவுசெய்து ஸ்பேனரை இப்போது எடுக்காதீர்கள். டீசல் கசிந்த இடத்திலேயே சொட்டாது. பைப் மேலே ஊர்ந்து, பிளாக் ஓரமாக இறங்கி, கியர் பாக்ஸ் பக்கம் வந்து சொட்டும், ஓடும்போது காற்று வேறு அதைப் பின்னால் தள்ளிவிடும். ஒருமுறை ஃபில்டர் அடியில் சொட்டுகிறது என்று ஃபில்டரை மாற்றி, வடிகால் திருகின் ஓ-ரிங்கை மாற்றி, ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போனது எனக்கு. கடைசியில் கசிந்தது அதற்கு மேலே, என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் மாட்டியிருந்த, மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் விரல் நீள ரிட்டன் ஹோஸ். அதனால் ஈரம் முடியும் இடத்தைத் தேடாதீர்கள், தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். அது பெரும்பாலும் மேலேயும் முன்னாலேயும்தான் இருக்கும்.

[காட்சி: கழுவித் துடைத்த என்ஜின்]

முதல் வேலை கழுவுவது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரை பாலித்தீனால் மூடிவிட்டு, டீகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சந்தேகமுள்ள இணைப்புகள் மேல் சாதாரண முகப்பவுடரைத் தூவுங்கள். ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விடுங்கள், ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. இதோ, இந்த மூன்றாவது இன்ஜெக்டரைப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் முடி அளவுக்கு ஒரு கோடு இருட்டுகிறது... அது மெல்லக் கீழே இறங்குகிறது... நாம் தேடியது அதுதான்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், இது உயிர் போகிற விஷயம். என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புப் பைப்பைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. இந்தப் பழைய என்ஜின்களிலேயே இன்ஜெக்டரின் முனையான நாசில் திறப்பதற்கு நூறு பாருக்கு மேல் அழுத்தம் வேண்டும், கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும், முதலில் வலிகூட பெரிதாக இருக்காது, ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஆனால் மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போய், உயர் அழுத்த டீசல் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். சோதிக்க வேண்டுமென்றால் நீளமான அட்டைத் துண்டைக் காட்டுங்கள், அது நனையும். சூடான சைலன்சர் மேனிஃபோல்டில் தெளித்தால் டீசலும் தீப்பிடிக்கும், அதையும் மறக்காதீர்கள்.

சரி, எந்தப் பக்கம் கசிகிறது என்று வண்டியே சொல்லும். டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சும் பக்கம். ஓடும்போது அங்கே டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். காலையில் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும், ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும், ஆனால் தரையில் பெரும்பாலும் ஒரு சொட்டும் இருக்காது. பம்புக்கு முன்னால் உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு துண்டு மாட்டிப் பாருங்கள், குமிழி ஓடினால் காற்று வாங்குகிறது. சில வண்டிகளில் தனி ஃபீட் பம்பே கிடையாது, இன்ஜெக்டருக்கு அழுத்தத்தோடு அனுப்பும் டீசல் பம்ப் தானே ஃபில்டர் வழியாக இழுத்துக்கொள்ளும். அதில், கையால் அமுக்கி டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரின் சீல் போனாலும் இதே கதைதான்.

ஃபீட் பம்புக்கு அப்புறம் குறைந்த அழுத்தம், அங்கே ஓடும்போது சொட்டும். டயாஃபிரம் வகை ஃபீட் பம்பில் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் டீசல் வெளியே வராமல் என்ஜின் ஆயிலில் கலக்கலாம். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறி, டீசல் வாடை அடித்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், பேரிங் போய்விடும்.

என் அனுபவத்தில் அதிகம் கசிவது ரிட்டன் பக்கம்தான், அந்த நூல் சுற்றிய சின்ன ஹோஸ்கள். வயதாகி வெடிக்கும். அதோடு, கந்தகம் குறைத்த டீசலில் பழைய நைட்ரைல் ரப்பரை உப்ப வைத்திருந்த பொருள்களும் குறைந்துவிட்டதால், வருடக்கணக்கில் சும்மா இருந்த சீல்கள்கூட சுருங்கிக் கசியும். மாற்றும்போது டீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ஓ-ரிங் கேட்டு வாங்குங்கள்.

[காட்சி: பிளேடால் ஹோஸைக் கீறுவது]

பழைய ஹோஸை இழுத்துப் பிடுங்காதீர்கள், இன்ஜெக்டரின் மெல்லிய குழாய் வளைந்துவிடும். பிளேடால் நீளவாக்கில் லேசாகக் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தெடுங்கள். ஒன்று போயிருந்தால் மற்றதும் அதே வயதுதான், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். நடுத் துளை வழியாக டீசல் போகும் பேன்ஜோ போல்ட் என்றால் ரெண்டு பக்கமும் புது செம்பு வாஷர், பழையதைத் திருப்பிப் போட வேண்டாம்.

இரும்புப் பைப் நட்டில் கசிந்தால், என்ஜினை நிறுத்திவிட்டு, நட்டுக்கு அடியில் பைப் உட்காரும் ஹோல்டரை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் ஹோல்டரும் சேர்ந்து சுற்றும். கூம்பு முனையைத் துடைத்து மறுபடி மாட்டியும் கசிந்தால் பைப்பையே மாற்ற வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது, அதன் துணுக்கு நாசிலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பைப்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் இல்லையென்றால் தேடிப் போடுங்கள், அதிர்விலேயே புது பைப்பும் விரிசல் விடும். கசிவு டீசல் பம்பின் உடம்பிலிருந்தே வருகிறது என்றால் நான் பிரிக்க மாட்டேன். அதை பம்ப் சோதிக்கும் பெஞ்ச் உள்ளவரிடம் கொடுப்பதுதான் சரி.

கடைசியாக ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் திருகைத் தளர்த்தி, நுரை போய் சுத்தமான டீசல் வரும்வரை ஹேண்ட் பிரைமரை அமுக்கி, இறுக்குங்கள். இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் இன்ஜெக்டரில் இரும்புப் பைப் மாட்டும் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, துணி சுற்றி, கொஞ்சம் தள்ளி நின்று செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்குங்கள்.

டீசல் ஊறிய ரேடியேட்டர் ஹோஸ், என்ஜின் மவுண்ட் ரப்பர் உப்பியிருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். அப்புறம் வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வந்து, இன்றைக்கு ராத்திரி புது அட்டை ஒன்றை விரியுங்கள்.

[காட்சி: மறுநாள் காலை, காய்ந்த அட்டை]