அந்தக் கை யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"புகைப்படக்காரர்களையும் எழுத்தாளர்களையும் இணையம் ஒன்றுசேர்த்ததா, பிரித்துவைத்ததா?" இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் "ஒன்றுசேர்த்தது, ஒன்றுசேர்த்தது" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கைபேசியை எடுத்து, தன் பேச்சை யாராவது பதிவேற்றிவிட்டார்களா என்று தேடினார். பக்கத்திலிருந்த அவருடைய அணிக்காரரே "நல்லா பேசினீங்க" என்கிறார், அது அவர் காதில் ஏறவில்லை. நான் இத்தோடு இறங்கிப் போனாலும் தீர்ப்பு எங்கள் பக்கம்தான். இருந்தாலும் கொடுத்த நேரத்தை விட மனசில்லை.

நான் படம் எடுக்கப் பழகியது ஃபிலிம் காலத்தில். ஒரு சுருளுக்கு 36 படம். கழுவி முடித்ததும் அந்த 36-ஐயும் நெகட்டிவ் அளவிலேயே ஒரே தாளில் அச்சிடுவோம். கான்டாக்ட் ஷீட் என்று பேர். ஒவ்வொன்றும் தபால்தலை அளவுதான் இருக்கும். எங்கள் குழுவில் ஒன்பது பேர். மூத்தவர் ஒருவர் அந்தத் தாளின்மேல் உருப்பெருக்கியை வைத்து, குனிந்து, ஒவ்வொரு படமாக நகர்த்துவார். பேசமாட்டார். பக்கத்தில் நிற்கிற நமக்கு வயிற்றைக் கலக்கும்.

ஒருநாள் என் படம் ஒன்றில் நின்றுவிட்டார். ஒரு பாட்டி வாய்விட்டுச் சிரிக்கிற படம். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. சிவப்புப் பென்சிலை எடுத்தார், இடது ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். "இது யார் கை?"

பார்த்தேன். பாதிக் கை. மணிக்கட்டுவரைக்கும் யாருடைய கையோ படச்சட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. எடுத்தவன் நான், கழுவியவன் நான், அச்சிட்டவன் நான், எனக்குத் தெரியவில்லை. "முகத்தைப் பார்த்தே, சரி. நாலு ஓரத்தையும் யாருப்பா பார்ப்பா?" அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கும் பொத்தானை அழுத்தும்முன் என் கண் தானாக நாலு மூலைக்கும் போய்வருகிறது.

அதே நெகட்டிவை ஸ்கேன் செய்து, கையை வெட்டாமல், சமீபத்தில் ஒரு சமூக ஊடகத்தில் போட்டுப்பார்த்தேன். 312 விருப்பம். 19 கருத்து. "செம", "வேற லெவல்", இதயம், நெருப்பு, மறுபடியும் நெருப்பு. அந்தக் கை யாருடையது என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அந்த 312 பேரையும் நான் குறைசொல்லவில்லை. மூத்தவரைவிடக் கூர்மையான கண் உள்ளவர்கள் அதில் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனால் அவர்களுக்கும் எனக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் கிடையாது. மூத்தவர் என் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும், ஏனென்றால் அடுத்த வாரம் அவர் படத்துக்கு முன்னால் நான் நிற்பேன். அது கடன். எங்கள் குழுவைக் கட்டிவைத்திருந்தது கலை ஆர்வமெல்லாம் இல்லை, இந்தக் கடன்தான். இணையம் அந்தக் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டது. அதனால்தான் பிரித்துவைத்தது என்கிறோம்.

எழுத்திலும் இதே கதைதான். கதையை வாய்விட்டுப் படிக்கும்போது எதிரில் இருப்பவர் நாற்காலியில் லேசாக நெளிவார். அந்த நெளிவு போதும், அங்கே கதை தொய்கிறது என்று புரிந்துவிடும். என் கதை ஒன்றைக் கேட்டுவிட்டு ஓர் அம்மா சொன்னார்: "மூணாவது பத்தியிலதான் கதை ஆரம்பிக்குது. முதல் ரெண்டு பத்தி நீங்க ஆரம்பிச்சது." வெட்டினேன். நெளிவைக் காட்டுகிற பொத்தானை இதுவரை எந்தச் செயலியும் கண்டுபிடிக்கவில்லை.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார், தெருக் காட்சிகளைப் படமெடுத்த விவியன் மேயரைக் கொண்டுவந்தார். நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். வீட்டுவேலையும் பிள்ளை பார்ப்பதுமாக வாழ்ந்த பெண், 1,00,000-க்கும் மேற்பட்ட நெகட்டிவுகளை விட்டுச்சென்றவர். 2007-ல் சிகாகோவில் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. வாங்கிய இளைஞர் 2009-ல் சில படங்களை ஃபிளிக்கர் என்ற படம் பகிரும் தளத்தில் காட்டினார், உலகமே திரும்பிப் பார்த்தது. "இணையம் இல்லாவிட்டால் அவர் யார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார் அம்மையார்.

அம்மா, அந்த இளைஞர் எங்கே போய்க் கேட்டார் என்பதை விட்டுவிட்டீர்களே! அந்தத் தளத்தில் தெருப் புகைப்படத்துக்கென்றே இருந்த ஒரு குழுவில் போய், "இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்ற பாணியில் யோசனை கேட்டார். கண்ட படத்தையும் உள்ளே விடாத, கறாரான குழு அது. அங்கே இருந்தவர்களுக்கு வாழ்க்கையே தெருப் படம்தான், அதனால் பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. ஒரு வட்டம் வட்டமாக இருந்ததால் நடந்த காரியம் அது. அதே பெட்டியை இன்றைய சமூக ஊடகத்தின் ஓடிக்கொண்டே இருக்கும் திரையில் கொட்டிப்பாருங்கள், யாரோ நாய்க்குட்டிக்குத் தொப்பி போட்ட படத்துக்கும் சுற்றுலா விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு விநாடி மின்னிவிட்டுப் போகும்.

ஆக, 2004-ல் தொடங்கிய ஃபிளிக்கரின் ஆரம்ப வருஷங்களை நான் குறைசொல்லமாட்டேன். எங்கள் அணித்தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும். நானே அங்கே கிடந்தவன். படத்தின் கூடவே ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, லென்ஸின் துளை அளவு, ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ, எல்லாம் தெரியும். இந்த அருவி எப்படிப் பால் மாதிரி வழிகிறது என்று பார்த்தால், அரை விநாடி திறந்துவைத்திருக்கிறார், அவ்வளவுதான் ரகசியம். கீழே இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சண்டையில் படித்ததை எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? 2010-ல் இன்ஸ்டாகிராம் வந்தது. இரண்டே வருஷத்தில் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. 100 கோடி கொடுத்தவன் நம் வட்டத்தைக் காக்கவா கொடுத்தான்? 2016-ல், படங்களைப் போட்ட நேர வரிசையில் காட்டுவதைக் கைவிட்டு, உனக்கு எது முக்கியமென்று கணிப்பொறி முடிவுசெய்யும் என்றார்கள். யோசித்துப்பாருங்கள். பத்து வருஷ நண்பனைப் பார்க்கப் போகிறேன், வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் நின்றுகொண்டு, "உங்களுக்கு இவரிடம் அவ்வளவு ஆர்வம் இருக்காது, அந்த வீட்டுக்குப் போங்க" என்கிறான். நண்பன் உள்ளே படத்தை மாட்டிவைத்துக்கொண்டு, "இவன்கூட வந்து பார்க்கலையே" என்று நொந்துகொண்டிருக்கிறான். பிரித்துவைப்பது என்றால் வேறென்ன?

இன்னொன்று, வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் கை மணிப் பக்கம் போகிறது. லண்டனில் 1853-ல் தொடங்கிய புகைப்படக் கழகம் இன்றும் ராயல் என்ற அடைமொழியோடு நடக்கிறது. இரண்டு உலகப்போரைப் பார்த்தாயிற்று. எத்தனையோ எழுத்துக் குழுக்கள் குடியிருந்த, யாஹூ நிறுவனத்தின் இணையக் குழுத் தளமான யாஹூ குரூப்ஸ்? முதலில் பழைய பதிவுகளை அழித்தார்கள், 2020 டிசம்பரில் கதவையே சாத்தினார்கள். நம் குழுக்கள் உள்ளுக்குள் அடித்துக்கொண்டு உடையும், அது வழக்கம்தான். யாரோ ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு வந்து சாகிற குழு இணையம் கொடுத்த புது வகை.

அடுத்து பேசப்போகிற எதிரணி நண்பர் மடியில் ஒரு காகிதம் வைத்திருக்கிறார். கிரிட்டர்ஸ் என்று தலைப்பு தெரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன். 1995-லிருந்து நடக்கிற இணைய எழுத்துப் பட்டறை. உன் கதையை மற்றவர்கள் அலச வேண்டுமானால் நீ மற்றவர் கதையைத் தவறாமல் அலச வேண்டும், இதுதான் அங்கே சட்டம். அதாவது, கடன்! தயவுசெய்து அதை எடுத்துப் பேசுங்கள், எங்கள் வாதத்தை உங்கள் வாயால் கேட்க ஆசையாக இருக்கிறது. அந்தச் சட்டத்தை எழுதி, முப்பது வருஷமாகக் கட்டிக்காப்பவர்கள் மனிதர்கள். விருப்பப் பொத்தானை வைத்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் போட மனசு வருமா? நின்று படிக்கிறவனை வைத்து விளம்பரம் ஓட்ட முடியாதே, விரல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டுமே.

மணி அடித்துவிட்டது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டு இறங்குகிறேன். நானும் எதிரணித் தலைவரும் ஒரே எழுத்து வட்டம். இந்த உரையைக் காகிதத்தில் எழுதி நேற்றுச் சாயங்காலம் அவரிடம்தான் கொடுத்தேன். முதல் பக்கம் முழுக்க அடித்துவிட்டு, "இதெல்லாம் நீ தொண்டையைச் செருமிக்கிறது" என்று எழுதித் திருப்பிக்கொடுத்தார். நீங்கள் கேட்டது மிச்சம். பதிலுக்கு அவர் உரையில் நான் மூன்று இடத்தை அடித்திருந்தேன். அதில் இரண்டை அவர் இங்கே விடாமல் பேசியதை இப்போதுதான் கேட்டேன்.