எந்த ஹெடரை எடுக்கலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். நம் நேயர் ஒருவர் வேலை பார்க்கும் இடத்தில் பல வருடமாக வளர்ந்து நிற்கும் சி கோடு இருக்கிறது, சில ஆயிரம் ஃபைல்கள். எந்த ஃபைலைத் திறந்தாலும் மேலே இருபது முப்பது இன்க்லூட் வரிகள், அதாவது ஹெடர் என்ற அறிவிப்பு ஃபைல்களை உள்ளே இழுத்துவரும் வரிகள். இவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறார். அது ஒரு இன்க்லூட் வரியை எடுத்துவிட்டு கம்பைல் செய்து பார்க்கும். எரர் வராவிட்டால் அந்த வரி வேண்டாதது என்று முடிவு கட்டி அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் பெரிய பேட்ச் ஒன்றை, அதாவது மாற்றங்களின் தொகுப்பை, அனுப்பியிருக்கிறார். டீம் லீட் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். "சார், எல்லாம் கம்பைல் ஆகிறதே, அப்புறம் என்ன தப்பு?" என்று கேட்கிறார்.

லீட் திருப்பி அனுப்பியது சரி. காரணம் சொல்லாமல் அனுப்பியது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. கம்பைல் ஆவதற்கு முன்னால் இன்க்லூட், மேக்ரோ வரிகளை விரித்துப் போடும் ப்ரீபிராசஸர் பற்றி நாம் முன்பு பேசியதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஃபைலில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறீர்கள். அதன் டிக்ளரேஷன், அதாவது அது எதை வாங்கி எதைத் திருப்பித் தரும் என்ற அறிவிப்பு, ஏ என்ற ஹெடரில் இருக்கிறது. நீங்கள் ஏ-யை இன்க்லூட் செய்யவில்லை, பி-யைத்தான் செய்திருக்கிறீர்கள். பி உள்ளுக்குள் ஏ-யைக் கூட்டிவருகிறது. கம்பைல் ஆகிவிடும். இது பக்கத்து வீட்டு வைஃபையில் படம் பார்க்கிற மாதிரி. அவர் பாஸ்வேர்டை மாற்றுகிற நாள் வரைக்கும் உங்களுக்கு நெட் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு ஃபைலில் ஏ, பி இரண்டும் இன்க்லூட் ஆகியிருக்கின்றன. நிஜமாகத் தேவைப்படுவது ஏ மட்டும். ஸ்கிரிப்ட் மேலிருந்து வருகிறது. முதலில் ஏ-யை எடுத்துப் பார்க்கிறது. பி வழியாக ஏ வந்துவிடுவதால் எரர் இல்லை. ஏ போயிற்று. அடுத்து பி-யை எடுத்துப் பார்க்கிறது. இப்போது எரர் வருகிறது. ஆக பி அவசியம் என்று வைத்துக்கொள்கிறது. தேவையானதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேவையில்லாத கனமான ஹெடரைப் பத்திரப்படுத்தியிருக்கிறது! அந்த இரண்டு வரிகளின் வரிசையை மாற்றிப் போட்டிருந்தால் விடை நேர்மாறாக வந்திருக்கும். வரிகளின் வரிசையைப் பொறுத்து விடை மாறுகிற ஒரு சோதனையை எப்படி நம்புவது?

அப்புறம் மேக்ரோ, அதாவது கம்பைலுக்கு முன்னால் விரிக்கப்படும் பெயர். இது இன்னும் மோசம், ஏனென்றால் இங்கே சத்தமே வராது. ஒரு கான்ஃபிக் ஹெடரில் ஒரு வசதியைக் குறிக்கும் மேக்ரோ டிஃபைன் ஆகிறது. உங்கள் சி ஃபைலில், மேக்ரோ டிஃபைன் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் இஃப்டெஃப் போட்டு, அந்த வசதி இருந்தால் இதைச் செய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெடரை எடுத்துவிட்டால் மேக்ரோ இல்லை, அந்தப் பகுதி முழுக்கக் காணாமல் போகும். எரரும் இல்லை, வார்னிங்கும் இல்லை. வெறும் இஃப் போட்டிருந்தால் டிஃபைன் ஆகாத பெயரை சி பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதற்காவது டபிள்யூ-அன்டெஃப் என்ற வார்னிங் இருக்கிறது. இஃப்டெஃபுக்கு அதுவும் கிடையாது. லினக்ஸ் கெர்னலில் இந்த வம்பே வேண்டாம் என்று கே-கான்ஃபிக் ஹெடரை மேக்ஃபைலே ஒவ்வொரு ஃபைலுக்கும் கட்டாயமாகத் திணித்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் சர்வர் பக்கத்தில் ஒவ்வொரு சி ஃபைலும் போஸ்ட்கிரெஸ் டாட் எச்-ஐத்தான் முதலில் இன்க்லூட் செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. இரண்டும் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் செய்கிற வேலை.

பழைய கம்பைலர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. டிக்ளரேஷன் இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அது இன்ட் திருப்பித் தரும் என்று ஊகித்துக்கொள்வது பழைய சி-யின் பழக்கம். 1999 ஸ்டாண்டர்டே அதை எடுத்துவிட்டது. ஆனால் ஜிசிசி கம்பைலர் அதை இயல்பாகவே எரர் ஆக்கியது 2024இல், 14ஆம் பதிப்பில்தான். அதுவரை வெறும் வார்னிங். நீங்கள் எழுதிய ஒரு ஃபங்ஷன் ஒரு பாயின்டரை, அதாவது மெமரி முகவரியை, திருப்பித் தருகிறது, அதன் ஹெடரை ஸ்கிரிப்ட் அழித்துவிட்டது என்று வையுங்கள். 64 பிட் மெஷினில் அந்த பாயின்டரின் பாதி வெட்டுப்பட்டு வரும். கம்பைல் ஆகிறதா என்றால், ஆகிறது!

சரி, இதைச் சரியாகச் செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது. முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன். 2010 மார்ச். தேஜுன் ஹியோ என்ற கெர்னல் டெவலப்பர். பெர்சிபியு டாட் எச் என்ற ஹெடர் ஸ்லாப் டாட் எச்-ஐக் கூட்டிவந்துகொண்டிருந்தது. ஸ்லாப் டாட் எச்சில்தான் கெர்னலுக்குள் மெமரி வாங்கும் கேமல்லாக், திருப்பிக் கொடுக்கும் கேஃப்ரீ எல்லாம் இருக்கின்றன. பெர்சிபியு-வை ஸ்கெட் டாட் எச்சும் மாட்யூல் டாட் எச்சும் இன்க்லூட் செய்கின்றன. ஆக கெர்னலில் கிட்டத்தட்ட எல்லா சி ஃபைலுக்கும் கேமல்லாக் கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் எடுக்க நினைத்தது ஒரே ஒரு இன்க்லூட் வரி, பெர்சிபியு-விலிருந்து ஸ்லாப்.

அந்த ஒரு வரியை எடுப்பதற்கு முன்னால் அவர் என்ன செய்தார்? கேமல்லாக் மாதிரியானவற்றை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு பைதான் ஸ்கிரிப்ட் தேடியது. பயன்படுத்துகிறவர் ஸ்லாப் டாட் எச்-ஐ நேரடியாக இன்க்லூட் செய்யவில்லை என்றால், சேர்த்தது. முதல் சுற்றில் 4000 ஃபைல்களுக்கு மேல் மாறின. சுமார் 700 இன்க்லூட்கள் நீங்கின. சேர்ந்தவை? ஸ்லாப் டாட் எச் மட்டும் சுமார் 3000, மெமரி தொடர்பான இன்னொரு ஹெடரான ஜிஎஃப்பி டாட் எச் சுமார் 480. சுமார் 400 ஃபைல்களில் ஸ்கிரிப்ட் திணறிப்போய் எரர் சொன்னது. அப்புறம் எக்ஸ்86 மட்டும் என்று நிற்காமல் பவர்பிசி, ஸ்பார்க், எஸ்390 என்று பல ஆர்க்கிடெக்சர்களில் பில்ட் செய்து பார்த்தார்கள். இன்றைக்கும் பழைய டிரைவர் ஒன்றை எடுத்து, எந்த வரி எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பாருங்கள், ஸ்லாப் டாட் எச் வரிக்கு நேராக இந்த கமிட்தான் வர வாய்ப்பு அதிகம்.

நம் நேயர் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: எடுப்பதற்கு முன்னால் சேர்க்க வேண்டும். எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதன் ஹெடரை நேரடியாக இன்க்லூட் செய்யுங்கள். எல்லா ஃபைலும் அப்படி ஆன பிறகுதான் எது உபரி என்று கேட்கவே முடியும். கெர்னலின் பேட்ச் சப்மிட் செக்லிஸ்டிலும் இது எழுதியே இருக்கிறது, இன்னொரு ஹெடர் கூட்டிவரும் என்று நம்பாதே என்று.

இவ்வளவு பாடுபட்டு என்ன லாபம் என்ற கேள்விக்கு வருவோம். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் காமன் டாட் எச் என்று ஒரு ஹெடர் இருந்தது. பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். யாருக்கு எதை எங்கே வைப்பது என்று தெரியவில்லையோ, அது காமன் டாட் எச்சுக்குள் போகும். எரர் நம்பர்கள், லாக் மேக்ரோ, டேட்டாபேஸ் ஸ்ட்ரக்ட், யாரோ ஒருவருடைய சுற்றளவு கணக்கிடும் மேக்ரோ கூட! அதில் ஒரு கமென்ட்டை மாற்றினாலும் மொத்த பில்டும் முதலிலிருந்து ஓடும். அதனால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். தொடாமல் என்ன செய்வார்கள்? காமன்2 டாட் எச் ஆரம்பித்தார்கள். அதைக் காமன் டாட் எச் இன்க்லூட் செய்தது. சிரிக்காதீர்கள், உங்களிடமும் இருக்கும், பெயர் வேறாக இருக்கும்.

இந்த நோய் பழசு. கோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் 2012இல் அந்த மொழியைப் பற்றிப் பேசும்போது 1984இல் பார்த்த ஒன்றைச் சொன்னார். யூனிக்ஸின் பிஎஸ் கமாண்டை கம்பைல் செய்யும்போது சிஸ் ஸ்டாட் டாட் எச் 37 தடவை இன்க்லூட் ஆனதாம். ஒரே ஹெடர் இரண்டாவது முறை வந்தால் தள்ளிவிடும் இன்க்லூட் கார்டு (guard) இருப்பதால் 36 தடவை உள்ளே இருப்பது வீணாகப் போகும். ஆனாலும் அன்றைய கம்பைலர்கள் 37 தடவையும் ஃபைலைத் திறந்து படித்தாக வேண்டும். இன்றைய ஜிசிசி கார்டை நினைவில் வைத்துக்கொண்டு ஃபைலைத் திரும்பத் திறக்காது, அந்த விஷயம் தீர்ந்துவிட்டது. இதே பைக் 1989இல் ஹெடர் ஃபைல்கள் ஹெடர் ஃபைல்களை இன்க்லூட் செய்யவே கூடாது என்று எழுதினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு ஹெடரைப் பயன்படுத்த அதற்கு முன்னால் எந்த ஐந்து ஹெடர்களை எந்த வரிசையில் போட வேண்டும் என்று நான் மனப்பாடம் செய்ய வேண்டுமா? ஆனால் அவர் எரிச்சல் நியாயமானது. அதனால்தான் கோ மொழியில் பயன்படுத்தாத இம்போர்ட் இருந்தாலே கம்பைல் ஆகாது.

லாபம் எவ்வளவு என்பதற்கு நல்ல கணக்கு 2022 ஜனவரியில் வந்தது. இங்கோ மோல்னார் என்ற கெர்னல் டெவலப்பர் கெர்னல் ஹெடர்களைச் சுத்தம் செய்து 2297 பேட்ச்கள் கொண்ட ஒரு தொகுப்பை அனுப்பினார். ஒரு வருடத்துக்கும் மேலான உழைப்பு. கெர்னல் ஃபைல்களில் பாதிக்கு மேல் மாறியிருந்தன. பில்ட் வேகம் கான்ஃபிகரேஷனைப் பொறுத்து 50 முதல் 80 சதவீதம் கூடியது என்றார். யோசித்துப் பாருங்கள், கம்பைலரில் ஒரு வரி மாறவில்லை, மெஷின் மாறவில்லை. ஆனால் அந்தத் தொகுப்பு அப்படியே மெயின்லைனுக்குள், அதாவது அதிகாரபூர்வ கெர்னலுக்குள், போகவில்லை. ஷெட்யூலர் பக்கத்து வேலை அந்த வருடமே கெர்னல் 5.18 பதிப்பில் சேர்ந்தது. அவ்வளவு பெரியதை யார் ரிவ்யூ செய்வது? உங்கள் லீட் நிலைமையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த வரியை எடுக்கலாம் என்று சி ஃபைல்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். சி ஃபைலில் உபரியாக ஒரு இன்க்லூட் இருந்தால் நஷ்டம் அந்த ஒரு ஃபைலுக்கு. ஹெடருக்குள் ஒன்று இருந்தால் அதை இன்க்லூட் செய்கிற எல்லாருக்கும் நஷ்டம். ஆக கேள்வி, இந்த ஹெடருக்கு அந்த ஹெடர் எதற்கு என்பதுதான்.

ஸ்ட்ரக்ட் என்பது பல தகவல்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் டைப். ஒரு ஸ்ட்ரக்டுக்குள் இன்னொரு ஸ்ட்ரக்டை முழுதாக வைத்திருந்தால் அதன் அளவு தெரிந்தாக வேண்டும், ஹெடர் அவசியம். பாயின்டர் மட்டும் என்றால் ஸ்ட்ரக்ட் இன்னார் என்று ஒரு வரி முன்னறிவிப்பு போதும். ஸ்கெட் டாட் எச் ஏன் அவ்வளவு கனம்? அதில் இருக்கும், ஓடும் ஒவ்வொரு வேலையையும் குறிக்கும் டாஸ்க் ஸ்ட்ரக்ட் தனக்குள் பல ஸ்ட்ரக்ட்களை முழுதாக வைத்திருக்கிறது. அப்புறம் இன்லைன் ஃபங்ஷன்கள், அதாவது ஹெடரிலேயே முழுதாக எழுதி வைக்கும் சின்ன ஃபங்ஷன்கள். ஸ்ட்ரக்டின் உள்ளே கைவைக்கும் இரண்டு வரி இன்லைன் ஒன்றுக்காக ஒரு முழு ஹெடர் உள்ளே வரும். அதை சி ஃபைலுக்கு மாற்றினால் இன்க்லூட் போய்விடும், ஒரு ஃபங்ஷன் கால் செலவு. மூன்றாவது, டைப்பையும் ஃபங்ஷனையும் பிரித்து வைப்பது. கெர்னலில் லிஸ்ட் ஹெட் என்ற ஸ்ட்ரக்ட் டைப்ஸ் டாட் எச்சில் இருக்கிறது, அதை வைத்து வேலை செய்யும் ஃபங்ஷன்கள் லிஸ்ட் டாட் எச்சில். 2011இல் பால் கோர்ட்மேக்கர் என்ற கெர்னல் டெவலப்பர், ஒரு ஃபங்ஷனை மாட்யூல்களுக்குத் திறந்துவிடும் எக்ஸ்போர்ட் சிம்பல் மேக்ரோவை மட்டும் மாட்யூல் டாட் எச்சிலிருந்து பிரித்து எக்ஸ்போர்ட் டாட் எச் ஆக்கியதும் இதே வழிதான். அந்த ஒரு மேக்ரோவுக்காகவே நிறைய ஃபைல்கள் முழு மாட்யூல் டாட் எச்சையும் இழுத்துக்கொண்டிருந்தன.

ஸ்ட்ரக்டுக்கு டைப்டெஃப் போட்டு, அதாவது இன்னொரு பெயர் சூட்டி, வைத்திருப்பவர்கள் கவனம். ஒரே டைப்டெஃபை இரண்டு இடத்தில் எழுத 2011 ஸ்டாண்டர்டுக்குப் பிறகுதான் அனுமதி. எனம்-ஐ முன்னறிவிப்பு செய்வது 2023 ஸ்டாண்டர்டில்தான் வருகிறது, அதுவும் உள்ளிருக்கும் டைப்பைக் குறிப்பிட்டால் மட்டும்.

இப்போது நேயர் செய்ய வேண்டியது. அந்த ஸ்கிரிப்டை ஓரமாக வையுங்கள். ஜிசிசியில் ஹைஃபன் பெரிய எச் கொடுத்தால் எந்த ஹெடர் எதைக் கூட்டிவருகிறது என்று மரம் மாதிரி காட்டும். ஹைஃபன் பெரிய ஈ கொடுத்து ப்ரீபிராசஸர் விரித்துத் தரும் வரிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள், சின்ன ஃபைல் எத்தனை ஆயிரம் வரியாக வீங்குகிறது என்று தெரியும். அதில் அடிக்கடி வருகிற, கனமான ஒரே ஒரு ஹெடரைத் தேர்ந்தெடுங்கள். இன்க்லூட்-வாட்-யூ-யூஸ் என்ற கருவி எதைச் சேர்க்க வேண்டும், எதை நீக்கலாம் என்று இரண்டையும் சொல்லும். ஆனால் அது பார்ப்பது நீங்கள் கொடுத்த கான்ஃபிகரேஷனை மட்டும், இஃப்டெஃபின் மறுபக்கம் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சி ஃபைலும் தன்னுடைய சொந்த ஹெடரை முதலில் இன்க்லூட் செய்யட்டும், கான்ஃபிக் ஹெடர் இருந்தால் அது முதலில், சொந்த ஹெடர் அடுத்ததாக. அந்தச் சொந்த ஹெடர் தன் காலில் நிற்கிறதா என்று தானாகத் தெரிந்துவிடும்.

பிறகு இரண்டு பேட்ச் அனுப்புங்கள். முதல் பேட்சில் சேர்ப்பது மட்டும். அது உள்ளே போய், நீங்கள் ஆதரிக்கும் எல்லா கான்ஃபிகரேஷனிலும் பில்ட் ஆன பிறகு, ஹெடரிலிருந்து அந்த ஒரு வரியை எடுக்கும் இரண்டாவது பேட்ச். பில்ட் நேரம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதைக் கமிட் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள். லீட் அதையும் திருப்பி அனுப்பினால் எனக்கு எழுதுங்கள், அவர் என்ன காரணம் சொல்கிறார் என்று பார்க்க எனக்கும் ஆசை. சரி, அடுத்த கேள்வி வோலட்டைல் பற்றி.