நிலாவெளியில் இருக்கும் போனை இணையம் ஏன் கொழும்பில் காட்டுகிறது?

(திரையில்: நிலாவெளிக் கடற்கரை. கையில் போன். ஓர் இணையத்தளத்தில் ‘உங்கள் இடம்: கொழும்பு’.)

வணக்கம். நாம் நிற்பது திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளியில். இந்தத் தளமோ கொழும்பு என்கிறது. அதே போனில் கூகுள் மப்பைத் திறந்தால் நீலப் புள்ளி சரியாக இந்த மணலிலேயே விழுகிறது.

மப் ஜீ.பீ.எஸ். செய்மதிகளைக் கேட்கிறது, அக்கம்பக்கத்து வை-பை, போன் கோபுரங்களையும் பார்க்கிறது. அதற்கு நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தளத்துக்குக் கொடுக்கவில்லை. அதன் கையில் இருப்பது உங்கள் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் இலக்கம், மட்டும்தான். அந்த இலக்கத்துக்குள் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை.

அப்படியென்றால் கொழும்பு எங்கிருந்து வந்தது?

(திரையில்: கோணேசர் கோயில் வீதி. நிறுத்தியிருக்கும் வேனின் இலக்கத் தகடு.)

மேல் மாகாண எழுத்தோடு ஒரு வேன் கோயிலடியில் நிற்கிறது. இந்தப் பழைய வகைத் தகடு சொல்வது வண்டி பதிவான மாகாணத்தை. இப்போது நிற்கும் இடத்தை அல்ல. ஐ.பி. முகவரியும் அப்படித்தான். நம் பகுதிக்கான முகவரிகளை, அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏபிநிக் என்ற அமைப்பு தொகுதி தொகுதியாகப் பிரித்துக் கொடுக்கிறது. வாங்குவது இணைய நிறுவனங்கள். பதிவேட்டில் விழுவது நிறுவனத்தின் பெயரும் முகவரியும். அந்த முகவரி பெரும்பாலும் கொழும்புதான்.

இடம் காட்டும் தரவுத்தளங்களை நடத்துபவர்கள் இந்தப் பதிவேட்டில் தொடங்கி, மற்ற தடயங்களையும் சேர்த்து ஊகிக்கிறார்கள். ஒரு தடயம், தரவு போய்த் திரும்ப எடுக்கும் நேரம். இது சின்னத் தீவுக்குச் சரிவராது. இழைக் கம்பியில் ஒளி 1 மில்லிசெக்கனில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர் ஓடும். போய்த் திரும்பும் நேரத்தில் 1 மில்லிசெக்கன் பிசகினாலே 100 கிலோமீற்றர் பிசகும். திருகோணமலைக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் 240 கிலோமீற்றர் அளவுதான். மொபைல் டேட்டாவில் கோபுரத்தடியிலேயே இதைவிடப் பல மடங்கு தாமதம் ஏற்படும்.

(திரையில்: உவர்மலையில் ஒரு வீடு. ரவுட்டரின் அமைப்புப் பக்கம்.)

இன்னொரு காரணத்தை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, அதற்கு வெளியிலிருந்து கிடைத்த முகவரியைப் பாருங்கள். இங்கே 100.72 என்று தொடங்குகிறது. இப்போது ‘என் ஐ.பி. என்ன’ என்று கூகுளில் தேடுவோம். வேறு இலக்கம் வருகிறது!

பழைய வகை ஐ.பி. முகவரிகள் உலகத்துக்கே மொத்தம் ஏறத்தாழ 430 கோடிதான். 2011 பெப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்தது. ஆகவே நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக்கின. நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளே வீடுகளுக்குக் கொடுப்பதற்கென்று 2012இல் 100.64 முதல் 100.127 வரை ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரிலும் அந்த வரிசை தெரிந்தால், வெளியுலகம் பார்க்கும் முகவரி உங்களுக்கு மட்டும் உரியதல்ல. மூதூர்க்காரரும் கண்டிக்காரரும் அதே முகவரியில் இருக்கலாம். மொபைல் டேட்டாவும் இப்படித்தான்: நிறுவனத்தின் நுழைவாயில், அதாவது உங்கள் டேட்டா வெளி இணையத்துக்குள் நுழையும் இடம், கொழும்பில் இருந்தால், கிண்ணியாவில் இருப்பவரும் இணையத்தில் கொழும்புக்காரர்தான்.

இணையத்துக்கு வேறோர் இடத்துக் கணினி வழியாகப் போக வைக்கும் வீ.பி.என். போட்டால் ஊர் மாறும் என்பது தெரிந்ததே.

(திரையில்: அமெரிக்க வரைபடம். நடுவில் ஒரு புள்ளி.)

தவறான புள்ளி ஆட்களையும் வருத்தும். இப்படி இடம் காட்டும் தரவுத்தளம் நடத்தும் மக்ஸ்மைன்ட் என்ற நிறுவனம், ‘அமெரிக்கா’ என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் கொடுத்தது. அது கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான முகவரிகள்! எங்கோ நடந்த மோசடிகளுக்காகப் பொலிஸாரும் ஏமாந்தவர்களும் ஆண்டுக்கணக்காக அந்த வாசலுக்கு வந்தார்கள். 2016இல் விஷயம் வெளியே வந்த பிறகுதான் புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள். ஐ.பி. காட்டும் ஊரை வைத்து மனைவியையோ, பிள்ளையையோ, அயலவரையோ சந்தேகிக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

‘கொழும்பிலிருந்து உங்கள் கணக்கில் நுழைந்துள்ளார்கள்’ என்று மின்னஞ்சல் வந்தால், முதலில் நேரத்தையும் எந்தப் போன் என்பதையும் பாருங்கள். இரண்டும் உங்களுடையவை என்றால் பயம் வேண்டாம். போன் வேறு என்றால், ஊர் திருகோணமலை என்றே இருந்தாலும் உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், செயலிக்குள் போய் மாற்றுங்கள்.

வீட்டு இணைப்பின் பிழையைத் திருத்த வழி உண்டு. பெரிய தரவுத்தளங்களில் திருத்தப் படிவம் இருக்கிறது. எந்த முகவரித் தொகுதி எந்த ஊரில் பயன்படுகிறது என்ற பட்டியலை இணைய நிறுவனமே வெளியிடவும் முடியும். அதற்கான பொது வடிவம் 2020இல் வந்தது. உங்கள் நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள். மொபைல் டேட்டாவுக்கு மட்டும் இது உதவாது. அங்கே அந்த முகவரி உண்மையிலேயே கொழும்பு நுழைவாயிலுடையது.