விழுவது இருவர், ஏறுவது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம். வெளிநாடு போன பின் வேலையில் அதிகம் பின்தங்குவது பெண்ணே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், "பொறியாளர் டாக்ஸி ஓட்டவில்லையா?" என்று கேட்டார். ஓட்டுகிறார், மறுக்கவில்லை. போன புதிதில் பழைய வேலையைவிடக் கீழே இறங்குவதும், மொழியும் அனுபவமும் கூடக்கூட மெல்ல ஏறுவதும் குடியேறியவர்களுக்குப் பொது. ஆய்வாளர்கள் இதற்கு ஆங்கில 'யூ' எழுத்தை வரைந்து காட்டுவார்கள். இறங்கும் கோட்டை விடுங்கள். ஏறும் கோட்டில் யார் நிற்கிறார்கள்?

ஏறுவதற்குக் காசும் நேரமும் வேண்டும். மருத்துவர் என்றால் அந்த நாட்டுத் தேர்வுகளை மறுபடி எழுத வேண்டும். இருவரும் சேர்ந்து படிக்க உட்கார்ந்தால் வாடகை யார் கட்டுவது? சரி, ஒருவர் படிக்கட்டும், மற்றவர் கிடைத்த வேலைக்குப் போகட்டும் என்று முடிவாகிறது. அந்த 'மற்றவர்' யார் என்பதை இங்கே கேட்கிற சிரிப்பே சொல்லிவிட்டது! கனடாவுக்குக் குடியேறிய குடும்பங்களைப் பற்றி 1997இல் பேக்கர், பெஞ்சமின் என்ற பொருளாதார அறிஞர்கள் சொன்ன விளக்கமும் இதுதான்: கணவன் தகுதியை வளர்த்துக்கொள்ள, மனைவி முன்னேற வழியில்லாத வேலையில் சம்பாதிக்கிறாள்.

அப்புறம் விசா. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் கணவனுக்கோ மனைவிக்கோ கிடைப்பது எச்-4 விசா. 2015 மே மாதம் வரை அந்த விசாவில் வேலை பார்க்கவே முடியாது. இன்றும் கணவரின் கிரீன் கார்டு விவகாரம் ஓரளவு நகர்ந்திருந்தால்தான் அனுமதி. பிறகு நேர்முகத் தேர்வில், "இந்த ஐந்து வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். கணவரின் கோப்பு நகரக் காத்திருந்தேன் என்று ரெஸ்யூமேயில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

எதிரணியினர் செவிலியரைக் காட்டினார்கள். மனைவி முதலில் போகிறார், பின்னால் போன கணவர் வேலையிழந்து நிற்கிறார் என்றார்கள். உண்மை. ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி. குடும்பத்துக்கு மொத்தத்தில் லாபம், தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் கூடவே கிளம்புகிறவரைப் பற்றி ஜேக்கப் மின்சர் என்ற பொருளாதார அறிஞர் 1978இலேயே எழுதினார். பின்னால் போகிறவர் விழுகிறார், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணவருக்கு எங்கள் அணியில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம், நடுவர் அவர்களே. தாராளமாக வரட்டும். பக்கத்து நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.