முதுகில் எறும்பை வளர்த்த பூச்சி! அதற்குப் பெயர் வைத்தவர்கள் பட்ட பாடு

[திரையில்: இலை மேல் ஒரு கறுப்பு எறும்பு, மேலிருந்து எடுத்த படம்]

இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பச்சை இலை, மேலே ஒரு கறுப்பு எறும்பு. குண்டு வயிறு, ஒடுங்கிய இடுப்பு, பக்கத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? இப்போது பக்கவாட்டிலிருந்து பார்க்கலாம்.

[திரையில்: அதே பூச்சி, பக்கவாட்டில்]

பார்த்தீர்களா! எறும்புக்குக் கீழே இன்னொரு பூச்சி உட்கார்ந்திருக்கிறது. சொல்லப்போனால் அந்த எறும்பு எறும்பே இல்லை. கீழே இருக்கும் பூச்சியின் முதுகிலிருந்து முளைத்த ஒரு பாகம், அவ்வளவுதான். அதுவும் திருப்பி வைத்த எறும்பு. பூச்சியின் முகம் ஒரு பக்கம், எறும்பின் முகம் எதிர்ப்பக்கம். பின்னாலிருந்து பிடிக்க வருகிறவனுக்குத் தெரிவது பல்லைக் காட்டி நிற்கும் எறும்புதான்.

இதன் பெயர் சைஃபோனியா கிளவாட்டா. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கக் காடுகளில் வாழ்கிறது. அளவு அரை சென்டிமீட்டர் சுமாருக்கு. வீடியோவுக்கு லைக் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கேள்விக்கு கமெண்டில் பதில் எழுதிவிடுங்கள்: இந்தப் பூச்சியை அடையாளம் காண அதன் உடம்பில் எந்தப் பாகத்தைப் பார்ப்பீர்கள்? எழுதிவிட்டு மேலே பாருங்கள். பெரும்பாலானவர்களின் பதில் மாறப்போகிறது.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். மூட்டைப்பூச்சி, அசுவினி, மாவுப்பூச்சி, புகையான், தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, கதிர் நாவாய்ப்பூச்சி, சில்வண்டு: இவை எல்லாமே ஹெமிப்டெரா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. உலகம் முழுக்க 80,000 இனங்களுக்கும் மேல் விவரிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுக்குக் கடிக்கும் தாடை கிடையாது. தாடைகள் ஊசிகளாக மாறி ஒரு உறைக்குள் கிடக்கின்றன. குத்தி, எச்சிலை உள்ளே விட்டு, சாற்றை உறிஞ்சும். உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகைப் பார்த்துப் பிரித்தார். அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ், டென்மார்க்காரர், வாயைப் பார்த்துப் பிரித்தார். நம் எறும்பு சுமக்கும் பூச்சியை 1787-இல் விவரித்தவரும் அவர்தான். பின்னணி முடிந்தது.

இந்தப் பூச்சி சேர்ந்த குடும்பம் மெம்ப்ராசிடே. ஆங்கிலத்தில் ட்ரீஹாப்பர் என்பார்கள். 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலானவை அமெரிக்க வெப்பமண்டலத்தில். எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரு கவசம் உண்டு, ஆராய்ச்சியாளர்களே அதை ஹெல்மெட் என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றுக்கு முள், ஒன்றுக்கு இலை, ஒன்றுக்குப் பிறைநிலா.

[திரையில்: பொசிடியம் குளோபுலாரே]

இதற்கு? நான்கு உருண்டைகள்! பொசிடியம் குளோபுலாரே. முன்மார்பிலிருந்து ஒரு தண்டு எழும்பி, அதன் உச்சியில் கிளை பிரிந்து, நான்கு பக்கமும் உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையிலும் மெல்லிய மயிர்கள் சிலிர்த்து நிற்கும். பின்பக்கம் நீளமாக ஒரு முள். இதை ஃபாப்ரிசியஸ் 1803-இல் விவரித்தார். பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஆல்ஃபிரட் கெல்லர் என்ற சிற்பி இருந்தார், பூச்சிகளைப் பெரிதாக்கி மாதிரி செய்வது அவர் வேலை. 1953-இல் இந்தப் பூச்சிக்கு அவர் செய்த மாதிரி இன்றும் பார்க்கிறவர்களை நிறுத்திவிடுகிறது. ஒரு மயிரைக்கூட விடவில்லை மனிதர். இணையத்தில் அதன் படத்தைத் தேடிப் பாருங்கள், பிறகு எனக்கு நன்றி சொல்வீர்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். எந்தப் பாகத்தைப் பார்த்து அடையாளம் காண்பது? "ஹெல்மெட்டை" என்று எழுதியிருந்தால், இருநூறு ஆண்டுகளாகப் பெரிய பெரிய ஆட்கள் விழுந்த அதே குழியில்தான் நீங்களும் விழுந்திருக்கிறீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 1879-இல் ஜார்ஜ் சாம்பியன் என்ற இங்கிலாந்துக்காரர் கப்பலேறி குவாத்தமாலா போனார். அங்கிருந்து பனாமா. 1883 வரை காடு காடாக அலைந்து பூச்சி சேகரித்தார். அந்தப் பகுதியின் ட்ரீஹாப்பர்களை 1890-களில் வரிசைப்படுத்தி எழுதியவர் ஃபவுலர் என்ற பாதிரியார். அந்தக் காலத்து வேலை அப்படித்தான். பிடிப்பவர் ஒரு கண்டத்தில், விவரிப்பவர் இன்னொரு கண்டத்தில். விவரிப்பவர் மேஜைக்கு வருவது ஊசியில் குத்திய உடல். இது எந்தச் செடியில் இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், எதுவும் வராது.

இந்தக் குடும்பத்திலோ ஆண், பெண் ஹெல்மெட் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அம்போனியா கிராசிகார்னிஸ் என்ற முள்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் முதுகில் ரோஜா முள் போல நேராக எழும் கூர்மையான கொம்பு. ஆணுக்கோ கொம்பு பின்னால் சாய்ந்து, முனை அகன்று கிடக்கும். இரண்டையும் தனித்தனி ஊசியில் கொடுத்து "இவை ஒரே இனமா?" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? இந்த மாதிரி ஆணை ஓர் இனமாகவும் பெண்ணை வேறோர் இனமாகவும் எழுதிவைத்த கதை இந்தக் குடும்பத்தில் பலமுறை நடந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதே பூச்சியைக் கிளையிலேயே பார்த்திருந்தால் சந்தேகமே வந்திருக்காது. அம்போனியா தாய் முட்டையைக் கிளையின் பட்டைக்குள் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். குஞ்சுகள் பொரித்த பிறகும் நகரமாட்டாள். எதிரி வந்தால் குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வு கிளை வழியாகத் தாய்க்குப் போகும். நம் காதுக்கு எதுவும் கேட்காது. தாய் நடந்து வந்து, சிறகைப் படபடத்து, பின்னங்காலால் எதிரியை உதைப்பாள். குஞ்சுகள் வளர்ந்து முடியும்வரை ஒரே கிளையில்தான் இருக்கும். அதனால் ஒரே தாயின் பிள்ளைகளில் நேர்க்கொம்புப் பெண்ணும் சாய்ந்த கொம்பு ஆணும் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஃபுளோரிடாவில் இது விரும்பி உட்காரும் மரங்களில் ஒன்று வாகை, ஆமாம், நம் ஊர் வாகைதான். வகைப்பாடு என்றால் அருங்காட்சியக அலமாரி என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு கிளையைக் காட்டினால் போதும் என்பது என் கருத்து.

அப்படியானால் நிபுணர்கள் எதைப் பார்க்கிறார்கள்? முதலில் பூச்சியைத் தயார் செய்ய வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பில் ஊசி குத்தினால் மார்பே உடைந்துவிடும். ஆகவே கெட்டி அட்டையைச் சிறு முக்கோணமாக வெட்டி, ஊசியை அட்டையில் குத்தி, முக்கோணத்தின் கூர்முனையில் ஒரு துளி பசை வைத்து, பூச்சியின் வலது பக்கத்தை அதில் ஒட்டுவார்கள். இடது பக்கம் முழுசாகப் பார்வைக்குக் கிடைக்கும். கீழே கையகல லேபிள்கூட இல்லை, நகமளவு லேபிள்: நாடு, இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த முறை. ஆணாக இருந்தால் வயிற்றின் நுனியைக் கழற்றி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைப்பார்கள். சதை கரைந்து, கெட்டியான இனப்பெருக்க உறுப்பு மட்டும் தெளிவாக மிஞ்சும். அதை வரைந்து முடித்ததும் ஒரு துளி கிளிசரினோடு குட்டிக் குப்பியில் போட்டு, அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்திவைப்பார்கள். உடம்பும் உறுப்பும் எந்தக் காலத்திலும் பிரியக்கூடாது. புது இனம் என்று எழுதினால் அதில் ஒரே ஒரு உடல் ஹோலோடைப் ஆகும். அந்தப் பெயருக்கு அந்த உடல்தான் சாட்சி.

அப்புறம்தான் உண்மையான வேலை. முன்சிறகின் நரம்புகள் எங்கே பிரிகின்றன, எங்கே சேர்கின்றன? பின்னங்கணைக்காலில் வரிசையாக நிற்கும் குட்டி முட்கள் எத்தனை வரிசை, அடியில் கிண்ணம் உள்ளவையா இல்லாதவையா? அமெரிக்க ட்ரீஹாப்பர்களின் துணைக்குடும்பங்களையும் அவற்றுக்குக் கீழுள்ள குழுக்களையும் லூயிஸ் டைட்ஸ் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் 1975-இல் ஒழுங்குபடுத்தியபோது அவர் நம்பியது இப்படிப்பட்ட அடையாளங்களைத்தான். முதுகில் நான்கு உருண்டை வைத்திருக்கும் பூச்சியின் முகவரி அதன் பின்னங்கால் முட்களில் எழுதியிருக்கிறது!

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இது கொஞ்சம் நீளும், பரவாயில்லை. அந்த ஹெல்மெட் என்பது என்ன?

பழைய பதில்: முன்மார்பின் மேல்தகடு வளர்ந்து நீண்டது. 2011 மே மாதம், நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை இதைத் தூக்கிப் போட்டது. பிரான்ஸைச் சேர்ந்த பெஞ்சமின் புருடோம், நிக்கோலா கோம்பெல் குழு சொன்னது இதுதான்: ஹெல்மெட் வெறும் தகடு இல்லை, மூன்றாவது ஜோடிச் சிறகு! பூச்சிகளுக்கு மார்பு மூன்று கண்டம், அதாவது மூன்று துண்டு; முதலாவதுதான் முன்மார்பு. சிறகு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மட்டும்தான். முதல் கண்டத்தில் சிறகு முளைக்காமல் ஒரு மரபணு தடுக்கிறது, சுமார் 25 கோடி ஆண்டுகளாக. ட்ரீஹாப்பரில் அந்தத் தடையைத் தாண்டி ஒரு ஜோடி முளைத்து, நடுவில் ஒட்டி, ஹெல்மெட் ஆகிவிட்டது என்றார்கள். ஆதாரம்: அடியில் மூட்டு இருக்கிறது, சிறகு மரபணுக்கள் அங்கே வேலை செய்கின்றன. தடுக்கும் மரபணு கெட்டுப்போய்விட்டதா என்றும் பார்த்தார்கள். ட்ரீஹாப்பருடையதை எடுத்துப் பழ ஈயில் போட்டால் அங்கே சிறகை ஒழுங்காகத் தடுத்தது. ஆகத் தடை சரியாக இருக்கிறது, ஹெல்மெட்தான் அதற்குக் கட்டுப்படுவதில்லை. செய்தித்தாள்கள் கொண்டாடின.

மறுவருடமே உடற்கூறு பார்க்கிறவர்கள் எழுந்தார்கள். ஜப்பானின் யோஷிசாவா ஒரு பக்கம், இஷ்ட்வான் மிக்கோ குழு இன்னொரு பக்கம். பூச்சியை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மூட்டு என்று நீங்கள் காட்டுவது மூட்டு இல்லை, இது முன்மார்பின் தகடேதான்" என்றார்கள். அவர்கள் காட்டிய படங்கள் அசைக்க முடியாதவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் சிறகு மரபணுக்களுக்கு அங்கே என்ன வேலை? 2020-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. ட்ரீஹாப்பரின் ஹெல்மெட், சிறகு, கால் என்று ஒவ்வொரு பாகத்திலும் எந்த மரபணுக்கள் ஓடுகின்றன என்று பார்த்து, ஹெல்மெட்டே இல்லாத உறவினரான தத்துப்பூச்சியோடு ஒப்பிட்டார்கள். தத்துப்பூச்சியின் முன்மார்புத் தகட்டில் சிறகின் சாயல் இல்லை. ட்ரீஹாப்பரின் ஹெல்மெட்டிலோ சிறகு மரபணுக்களின் கூட்டம் அப்படியே இயங்குகிறது. இட்லிக்கு அரைத்து வைத்த மாவை எடுத்துத் தோசைக்கல்லில் ஊற்றினால் வருவது தோசைதானே, இட்லி இல்லையே? அதே கதைதான். சிறகுக்கென்று இருந்த மரபணுத் தொகுதியைத் தகடு எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. பொருள் தகடு, செய்முறை சிறகினுடையது. ஆக 2011 குழு கண்ட மரபணுக்களும் சரி, 2012 குழுக்கள் கண்ட தகடும் சரி. இரண்டும் ஒரே பூச்சியில் பொருந்திப்போன இந்த இடத்தில் எனக்குக் கைதட்டத் தோன்றியது.

இன்னொன்று. இளம் பூச்சிக்கு இந்த அலங்காரம் கிடையாது. கடைசித் தடவை தோலுரிப்பதற்கு முன், புது ஹெல்மெட் பழைய தோலுக்கு அடியில் நுணுக்கமாக மடிந்து சுருங்கிக் கிடக்கும். தோல் கிழிந்ததும் உடலின் திரவம் ஏறி மடிப்புகள் விரிந்து, உருண்டையும் முள்ளும் நிமிரும், பிறகு இறுகிவிடும்.

கடைசியாக, நம் பக்கமும் இந்தக் குடும்பம் உண்டு. துவரைச் செடியிலும் கருவேலத்திலும் தண்டோடு ஒட்டி, இரண்டு கொம்போடு பழுப்பாக உட்கார்ந்திருக்கும், சுற்றி எறும்புகள், பூச்சி வெளியேற்றும் இனிப்பான தேன்துளிக்காகக் காத்திருக்கும். ஒட்டினோட்டஸ் ஒனரேட்டஸ், ஆக்ஸிராக்கிஸ் டாராண்டஸ் இரண்டும் அந்த ரகம். பார்த்தால் கொம்பை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, முடிந்தால் சிறகு நரம்பு தெரிகிற மாதிரி ஒன்று. கூடவே ஜோடி இருந்தால் அதையும் எடுங்கள். செடியின் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் அந்தப் படங்களை வைத்துச் சிறகு நரம்பை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம்.